எரேமியா 29:11 இந்த வருடத்துக்கான வாக்கா?

தம்பி, வேதாகமத்தில் எரேமியா 29:11-ஐ, அதாவது உங்கள்மேல் நான் வைத்திருப்பது தீமைக்கல்ல, சமாதானத்துக்கான நினைவுகளே என்று கர்த்தர் சொல்லும் வசனத்தை, தினமும் காலையில் வாய்விட்டு அறிக்கையிட்டால் இந்த வருடமே நிலைமை மாறும் என்று எழுதியிருக்கிறீர்கள். வசனம் அப்படிச் சொல்லவில்லை. பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எருசலேமிலிருந்து போன கடிதம் அது. அவர்கள் திரும்பிவர 70 வருடம் ஆகும் என்று முந்திய வசனத்திலேயே இருக்கிறது. இரண்டு வருடத்தில் எல்லாம் திரும்பிவிடும் என்று சொன்ன அனனியா என்ற பொய்த் தீர்க்கதரிசியை 28ஆம் அதிகாரத்தில் எரேமியா கண்டிக்கிறார்.

என்னைத் தாங்கியது 5ஆம் வசனம்: வீடு கட்டுங்கள், தோட்டம் நாட்டுங்கள். 2009இல் போரில் இடம்பெயர்ந்து வவுனியா செட்டிகுளம் முகாமில், தறப்பாளுக்குள் இருந்து அதை வாசித்தேன். அங்கே கூடார ஓரத்தில் நாலு மிளகாய்க்கன்று வைத்தோம். கிளிநொச்சிக்குத் திரும்பியதும் முதலில் தென்னம்பிள்ளை நட்டோம்.

தினமும் வாசியுங்கள், நல்ல பழக்கம். நாளைக்கு மட்டும் 28, 29 இரண்டையும் சேர்த்து வாசித்துப் பாருங்கள்.