தமிழில் கேட்டது பிழையில்லை

கல்லடியில் சனிக்கிழமை நடந்ததை எல்லாரும் எழுதிவிட்டீர்கள். ஸ்கிரீன்ஷொட்டும் சுற்றிவிட்டது. அதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

ஏஐ டெர்மினலில், அதாவது நாம் சொல்வதைக் கணினிக் கட்டளையாக்கி ஓட்டித் தருகிற திரையில், ஒரு பொடியன் "தேவையில்லாததெல்லாம் துப்பரவாக்கு" என்று தமிழில் எழுதினான். அது "கிட் கிளீன் மைனஸ் எஃப்டிஎக்ஸ்" என்ற கொமாண்டைத் தந்து, ஓட்டவா என்று கேட்டது. கிட் என்பது கோட் மாற்றங்களைப் பதிந்து வைக்கிற கருவி; கிட் கிளீன் அதில் சேராத கோப்புகளை அழிக்கும். அவன் ஓம் என்றான். டொட் என்வ் என்ற அமைப்புக் கோப்பும் அப்லோட் ஃபோல்டரில் கிடந்த படங்களும் போய்விட்டன. உடனே, "தமிழில் கேட்டால் இப்படித்தான்" என்கிறீர்கள்.

தமிழால் அழியவில்லை. அந்த எக்ஸால் அழிந்தது. எஃப் என்றால் கட்டாயம் அழி. டி என்றால் கிட்டில் சேராத ஃபோல்டர்களையும் அழி. எக்ஸ் என்றால், கிட் கவனிக்க வேண்டாம் என்று கிட்இக்னோர் பட்டியலில் ஒதுக்கி வைத்ததையும் விடாதே. கடவுச்சொல் இருக்கிற டொட் என்வை எல்லாரும் கிட்இக்னோரில்தானே போடுகிறோம்? கிட்டுக்குள் ஒருநாளும் போகாத கோப்பைக் கிட்டால் மீட்க முடியாது. "கிளீன் அப்" என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தாலும் இதே கொமாண்ட் வந்திருக்கலாம்.

எஃப்புக்குப் பதில் "என்" (n) என்ற எழுத்தைப் போட்டு ஒருக்கா ஓட்டியிருந்தால், ஒன்றையும் தொடாமல், அழியப்போகிறவற்றின் பட்டியலை மட்டும் காட்டியிருக்கும். அதை அவனுக்கு யார் சொல்லிக் கொடுத்தது? "கேட்கிறதுக்கெல்லாம் ஓம் அடியுங்கோ, நேரம் மிச்சம்" என்று படிப்பித்தவர்களே இன்று முன்னுக்கு நின்று சிரிக்கிறார்கள். அதுதான் நெஞ்சைச் சுடுகிறது.

"அப்ப ஏஐயே வேண்டாமா?" நான் அப்படிச் சொல்லவில்லை. கோப்புகளைக் கட்டுகிற டார், வீடியோ மாற்றுகிற எஃப்எஃப்எம்பெக் போன்றவற்றின் ஒப்ஷன்களை யாரும் மனப்பாடம் செய்யத் தேவையில்லை. பிழைச்செய்தியை வாசித்துக் காரணம் சொல்லவும் அது நல்ல துணை. ஆனால் அழிக்கிற கொமாண்ட் வேறு ரகம். கோப்புகளைத் தேடி அழிக்கவும் கூடிய ஃபைண்ட் கொமாண்ட், எழுதியதை இடமிருந்து வலமாகத்தான் பார்க்கும். லொக் (பதிவு) கோப்புகளை மட்டும் அழிக்க நினைக்கிறீர்கள் என்று வையுங்கள். பெயர் நிபந்தனைக்கு முன்னால் டெலீட் வந்துவிட்டால், லொக் கோப்புகள் மட்டுமல்ல, அந்த ஃபோல்டரில் உள்ள அத்தனையும் போகும். இரண்டு சொல் இடம் மாறினால் போதும்.

"அவன் வாசித்திருக்க வேண்டும்." சரி, வாசித்திருக்க வேண்டும். வந்தாறுமூலை, ஒலுவில் பல்கலைக்கழகங்களுக்குத் தமிழ்மொழி மூலம் உயர்தரம் படித்துவிட்டு வருகிற பிள்ளைகள் எந்த மொழியில் வாசிப்பார்கள்? "ஓட்டாதே, ஒவ்வொரு எழுத்தும் என்ன செய்யும் என்று தமிழில் சொல்லு" என்று அதே டெர்மினலிடம் கேட்கலாம். அந்த விளக்கமும் பிழைக்கலாம், அதனால் அந்த "என்" எழுத்தைப் போட்டுப் பார்ப்பதை விடக்கூடாது. தமிழில் கவனிக்க வேண்டிய சொல் "எடு". "பழைய கோப்பை எடு" என்றால் கொண்டுவரவா, நீக்கவா? காட்டு, நகலெடு, அழி என்று பிரித்து எழுதுங்கள். தமிழை விடச் சொல்லாதீர்கள்.

தம்பி, இதை வாசித்தால்: அந்த டொட் என்வை விஎஸ் கோட் எடிட்டரில் திருத்திச் சேமித்திருந்தாயென்றால், அதன் கொமாண்ட் பெலட் என்ற கட்டளைப் பெட்டியில் "லோக்கல் ஹிஸ்டரி: ஃபைண்ட் என்ட்ரி டு ரிஸ்டோர்" என்று தேடு. அந்தப் பிரதிகள் புரொஜெக்ட் ஃபோல்டருக்கு வெளியே இருப்பதால் கிட் கிளீன் தொட்டிருக்காது. படங்களுக்கு இது உதவாது. தந்தவர்களிடம் திரும்பக் கேள், வெட்கப்படாதே.