மோட்டார் மேளம் மூச்சு விடாது

சித்திரைத் திருவிழா முடிந்து பத்து நாள் ஆகிறது. அங்கே நாதஸ்வரத்தில் கேட்ட காம்போதி ராகம் இன்னும் காதை விட்டுப் போகவில்லை. எழுதிவிட்டால்தான் மனசு ஆறும்.

குன்னூர்ப் பக்கம் ஒரு எஸ்டேட் எங்கள் ஊர். தொழிலாளர்களின் லயன் வீடுகளுக்கு நடுவே சின்ன மாரியம்மன் கோயில். பூசை நேரத்தில் ஸ்விட்சைத் தட்டினால் மோட்டார் மேளம் அடிக்கும். எனக்கு நினைவு தெரிந்த நாளாகக் கோயில் மேளம் என்றால் அதுதான். நாதஸ்வரம் என்றால் கல்யாண வீட்டு ஸ்பீக்கர். இந்த வருஷம் ஊர்ப் பெரியவர்கள் இரண்டு பேர் பிடிவாதமாக நின்று தஞ்சாவூர்ப் பக்கமிருந்து ஒரு செட்டை வரவழைத்தார்கள். இரண்டு நாதஸ்வரம், இரண்டு தவில், தாளம், சுருதிப் பெட்டி.

சாமி புறப்படும்போது ராத்திரி ஒன்பது மணி. சாயங்காலம் பெய்த மழையில் நல்ல குளிர், மூடுபனி வேறு. ஈரத்தில் தோல் தளர்ந்துவிட்டதென்று தவில்காரர் ஸ்பேனரால் நட்டுகளை முறுக்கிக்கொண்டிருந்தார். நாதஸ்வரக்காரர் சீவாளியை வாயில் வைத்து நனைத்து, ஊதிப் பார்த்து, சரியில்லையென்று கழற்றி, வாத்தியத்தில் தொங்கிய கொத்திலிருந்து இன்னொன்றைச் செருகினார். விரல் நீளம்கூட இல்லாத நாணல் தட்டை. அதிலிருந்தா அவ்வளவு பெரிய நாதம் வருகிறது?

முதலில் சாமி புறப்பாட்டுக்கு வாசிக்கும் மல்லாரி. அதற்குப் பாட்டு வரிகள் கிடையாது, கம்பீரநாட்டை ராகத்தில் ஒரு நடை, அவ்வளவுதான். ஆனால் பல்லக்கு தூக்கியவர்களின் கால் தானாக அதற்குள் போய்விட்டது. தவில் அடி காதில் விழவில்லை, நெஞ்செலும்பில் விழுந்தது.

லயன் முக்கில் பல்லக்கை இறக்கி வைத்தபோதுதான் அந்த ஆலாபனை, பாட்டும் தாளமும் இல்லாமல் ராகத்தை மட்டும் விரித்து வாசிப்பது. மைக் இல்லை. நாதஸ்வரக்காரர் மேல் ஸ்தாயியில் ஒரு ஸ்வரத்தைப் பிடித்து நின்றார். கன்னம் உப்பி, கழுத்து நரம்பு புடைத்து, இதற்கு மேல் மூச்சு இருக்காது என்று நான் பயந்த பிறகும் நின்றது. பிறகு விட்டார். அந்த ஒரு கணம் தேயிலைக் காடு முழுக்க நிசப்தம். எதிர்ச் சரிவில் பட்டு நாதத்தின் வால் மட்டும் திரும்பி வந்தது. என் கண்ணில் தண்ணீர். பக்கத்தில் கொழுந்து பறிக்கும் அக்கா ஒருவர் கைகூப்பி அப்படியே நின்றார். எங்கள் இரண்டு பேருக்கும் சங்கீதம் தெரியாது. அப்புறம் நாதஸ்வரக்காரரிடமே போய்க் கேட்டேன், "ஐயா, அது என்ன ராகம்?" "காம்போதிம்மா" என்றார், சீவாளியைத் துடைத்தபடி.

அந்த மோட்டார் மேள மெஷினை வாங்கியவர்களைக் குறை சொல்ல மாட்டேன். தினமும் வாசிக்க ஆள் கிடைக்காத மலையில் ஒற்றைப் பூசாரி வேறென்ன செய்வார்? ஆனால் சத்தம் இருந்தால் போதும் என்று நாம் பழகிக்கொண்டதுதான் எனக்கு வலிக்கிறது. மெஷினுக்கு மூச்சு தீராது, அதனால் அது நிற்பதும் இல்லை. நான் அழுதது நாதஸ்வரக்காரர் மூச்சு தீர்ந்து நின்ற இடத்தில். மாவட்ட அரசு இசைப் பள்ளிகளில் இன்றும் பிள்ளைகள் நாதஸ்வரமும் தவிலும் படித்துவிட்டு வருகிறார்கள். நாம் கூப்பிடாவிட்டால் அவர்கள் எங்கே போய் வாசிப்பார்கள்?

வாணவேடிக்கைக்கும் சீரியல் லைட்டுக்கும் நாங்கள் செலவழிப்பதில் பாதி போதும், அடுத்த வருஷமும் செட் வரும். மாதம் ஒரு வெள்ளிக்கிழமைக்குக்கூட யாரையாவது அழைக்கலாம். அடுத்த ஊர்க் கூட்டத்தில் எழுந்து கேட்கப் போகிறேன். திருவிழா வரியில் ஐந்நூறு ரூபாய் கூடுதலாகப் போட எங்கள் வீடு தயார்.