ஆமாம், எங்களுடையது டியூஷன் சென்டர்தான்

சனிக்கிழமை ஆடிட்டர்கள் கூட்டத்தில் சீனியர் சார் என்னைப் பற்றி அடித்த ஜோக் இந்நேரம் ஈரோட்டில் பாதி ஆடிட்டர் ஆபீஸுக்குப் போயிருக்கும். "மேடம் நடத்துறது ஆடிட் ஆபீஸா, டியூஷன் சென்டரா?" எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான் சிரித்தேன். வீட்டுக்கு வந்த பிறகு வந்த எரிச்சல் இன்னும் போகவில்லை.

நான் செய்த குற்றம் இதுதான். ஐந்து பேர் வேலை பார்க்கும் ஆபீஸில் ஜிஎஸ்டி பார்க்கிற தம்பிக்கு டிடிஎஸ் (பணம் கொடுக்கும்போதே பிடித்துக் கட்டுகிற வருமான வரி), டிடிஎஸ் பார்க்கிற பெண்ணுக்கு ஜிஎஸ்டி என்று புதன்கிழமைதோறும் மதியம் இரண்டு மணி நேரம் மாற்றிக் கற்றுக்கொடுக்கிறோம். டிடிஎஸ் கட்ட 7ஆம் தேதி, விற்பனை விவரம் சொல்கிற ஜிஎஸ்டிஆர்-1க்கு 11, பிஎஃப் ஈஎஸ்ஐக்கு 15, ஜிஎஸ்டி கட்டிப் போடுகிற 3பி ரிட்டர்னுக்கு 20. ஒவ்வொரு தேதிக்கும் ஒரு ஆள் மூச்சுத் திணறுவார், பக்கத்து மேஜைக்காரர் டீ குடித்துக்கொண்டிருப்பார். இது உங்களுக்குச் சரியாகப் படுகிறதா?

போன நவம்பர் 18ஆம் தேதி, எங்கள் ஜிஎஸ்டி தம்பிக்கு டெங்கு என்று அட்மிட் பண்ணிவிட்டார்கள். 2பி என்கிற கொள்முதல் பட்டியல் வருவதே 14ஆம் தேதி, அதற்கப்புறம்தான் கொள்முதல் பில்லை எல்லாம் ஒத்துப்பார்க்க முடியும், நாற்பது கிளையண்ட் பாக்கி. ரிட்டர்ன் போட எனக்குத் தெரியாதா என்ன? ஆனால் எந்த மண்டிக்காரரின் ஓடிபி அவர் மகன் போனுக்குப் போகும், எந்த விசைத்தறிக்காரர் ராத்திரி எட்டு மணிக்கு மேல்தான் போனை எடுப்பார், யார் பில்லை நேரத்துக்கு ஏற்றாமல் இன்புட்டை (கொள்முதலில் கட்டிய வரிக்கான கழிவை) இழுத்தடிப்பார், இதெல்லாம் எந்த சாஃப்ட்வேரிலும் இல்லை, அந்தத் தம்பியின் தலைக்குள் இருந்தது. டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்த பையனுக்குப் போன் போட்டு பாஸ்வேர்டு கேட்டேன். மூன்றாவது தடவை அவன் அம்மா எடுத்து, "கொஞ்சம் தூங்கட்டும் மேடம்" என்றார்.

பதினொரு ரிட்டர்ன் தாமதம். ஒரு நாளைக்கு 50 ரூபாய் லேட் ஃபீயை நான்தான் கட்டினேன், 18 சதவீத வட்டிக்குக் கிளையண்ட்டிடம் திட்டு வாங்கினேன். அதெல்லாம் மறந்துவிட்டது. அந்த அம்மாவின் குரல் மறக்கவில்லை.

ஒரு வேலை இரண்டு பேருக்காவது தெரிய வேண்டும். நான் சொல்வது இவ்வளவுதான்.

எல்லாருக்கும் எல்லாம் சொல்லிக்கொடுத்தால் யாருக்கும் எதுவும் உருப்படியாகத் தெரியாது என்பார்கள். கொஞ்சம் நியாயம்தான். அதற்காக வருமான வரி அப்பீலை வரவேற்பில் இருக்கிற பெண்ணிடமா கொடுத்தேன்? சலான் போடச் சொல்லிக்கொடுத்தேன், அதற்கே இவ்வளவு சிரிப்பு.

கற்றுக்கொண்டு கிளையண்ட்டைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்களாம். ஆமாம், ஒருவர் போனார், மூன்று கிளையண்ட்டோடு. அதைத் தெரிந்துதானே அன்றைக்கு அப்படிச் சிரித்தீர்கள்? வலிக்கத்தான் செய்தது. ஆனால் எதையுமே சொல்லிக்கொடுக்காத உங்கள் ஆபீஸ்களிலிருந்து யாருமே போனதில்லையா? சும்மா கேட்கிறேன்.

சிஏ படிக்கும்போது ஆடிட்டர் ஆபீஸில் எடுத்த பயிற்சி, என் ஆர்ட்டிகிள்ஷிப், அந்த மூன்று வருஷத்தில் முதல் இரண்டு வருஷம் வவுச்சரில் டிக் போட்டே கழிந்தது. ஹெட் கிளார்க் அண்ணன் நான் பக்கத்தில் போனாலே ஸ்கிரீனைத் திருப்பிக்கொள்வார். வெளியூர் ஆடிட்டுக்குப் பையன்கள் போவார்கள், "பொம்பளப் புள்ளைக்கு எதுக்கும்மா அலைச்சல்" என்று என்னை ஃபைல் அடுக்கச் சொல்வார்கள். டிடிஎஸ் ரிட்டர்ன் எப்படிப் போடுவது என்பதை, பாஸ் ஆகி சொந்தமாக போர்டு மாட்டிய பிறகு, முதல் கிளையண்ட்டுக்கு வந்த நோட்டீஸை வைத்துத்தான் கற்றுக்கொண்டேன். ஆடிட்டர் என்று போர்டில் போட்டுக்கொண்டு அந்த நோட்டீஸைப் புரியாமல் மூன்று தடவை படித்த ராத்திரி இருக்கிறதே, அது என் ஆபீஸில் யாருக்கும் வரக்கூடாது.

அது எந்த ஆபீஸ் என்று சனிக்கிழமை சிரித்தவர்களில் சிலருக்குத் தெரியும். சாருக்கும் தெரியும்.

சார், இந்தப் புதன்கிழமை காலாண்டு டிடிஎஸ் ரிட்டர்ன். உங்கள் ஆபீஸிலிருந்தும் யாரையாவது அனுப்புங்கள், ஃபீஸ் கிடையாது. பெண்களையும் அனுப்பலாம்.