என் இலையைப் படம் எடுத்துப் போட்ட தம்பிக்கு

சனிக்கிழமை ஒரு பிள்ளை பெரியவளான சடங்கில், சாமத்தியவீட்டுப் பந்தியில் எடுத்த அந்தப் படத்தை உங்களில் முக்கால்வாசிப் பேர் பார்த்துவிட்டீர்கள். திரும்ப இங்கே போட எனக்கு மனமில்லை. வாழையிலையில் கத்தரிக்காய்ப் பால்கறி, முருங்கையிலை வறை, பயத்தங்காய், ஓரத்தில் நான் வீட்டிலிருந்து கொண்டுபோன அவித்த கச்சான், அதாவது நிலக்கடலை. சோறு இல்லை. படத்துக்கு மேலே "நெல்லு விளையிற ஊரில சோறு தின்னாத மகாராணி" என்று ஒரு வரி. இரண்டு நாளாக அதற்குச் சிரிப்புக் குறி விழுந்துகொண்டே இருக்கிறது.

தம்பி, நீர் எனக்குச் சொந்தக்காரன். என்னிடம் வந்து "அக்கா, ஏன் சோறு போடேல்லை?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் பந்தியிலேயே சொல்லியிருப்பேன். நீர் கேட்கவில்லை. படத்துக்குக் கீழே "சீனி வருத்தம், பங்கசு, அதாலதான்" என்று ஒரு வரி மட்டும் பதில் போட்டேன். அது போதவில்லை. அதனால் இப்போது எல்லோருக்கும் தெரிய முழுதாகச் சொல்கிறேன்.

நான் சோற்றை வெறுக்கவில்லை. முரசுமோட்டையில் எங்கள் வீட்டு அறைக்குள் அடுக்கியிருக்கும் சாக்குகளில் எங்கள் வயல் நெல்தான் இருக்கிறது. இரணைமடுக் குளத்துத் தண்ணீர் குடித்து விளைந்த நெல். அதை அவிப்பதும் காயவிடுவதும் இன்றைக்கும் நான்தான்.

எனக்கு நாலு வருடமாகப் பங்கசு, அதாவது பூஞ்சை வருத்தம். காலிலோ தலையிலோ இல்லை, பெண்களுக்கு வரும் இடத்தில். கடி, எரிவு, தயிர் திரைந்த மாதிரி வெள்ளைபடுதல். பள்ளிக்கூடத்தில் மதுவம் (ஈஸ்ட்) என்று படித்தோமே, அந்த வகைதான், கன்டிடா என்று பெயர். நல்ல சுகமாக இருக்கிறவர்களின் வாயிலும் குடலிலும்கூட அது பேசாமல் கிடக்கும். வாய்ப்புக் கிடைத்தால் பெருகும். நாலு பெண்களில் மூன்று பேருக்கு வாழ்நாளில் ஒரு முறையாவது இது வருகிறது. வருடத்தில் மூன்று முறை வந்தாலே திரும்பத் திரும்ப வரும் வருத்தம் என்று டொக்டர்மார் தனியாக எடுத்துப் பார்ப்பார்கள். எனக்கு மாதம் தவறாமல் வந்தது.

முதல் ஒன்றரை வருடம் நான் ஒருவரிடமும் சொல்லவில்லை. பாமசியில் எனக்கு முன்னால் மூன்று ஆண்கள் நின்றார்கள். என் முறை வந்ததும் "கால் இடுக்கில கடி" என்று வாயில் வந்த பொய்யைச் சொன்னேன். ஒரு கிறீம் தந்தார்கள். அதை வீரகேசரித் தாளில் சுற்றி, மிளகாய்த்தூள் பேணிக்குப் பின்னால் ஒளித்து வைத்துப் பூசினேன். இரண்டு நாள் சுகம், மூன்றாம் நாள் இரட்டிப்பாகக் கடித்தது. அதில் ஸ்டெரொயிட் கலந்திருந்தது என்றும், அது கடியை அடக்கிவிட்டுப் பங்கசை வளர்த்துவிடும் என்றும் பிறகுதான் தெரியவந்தது. வேப்பிலை அவித்த தண்ணீரால் கழுவினேன். கிருமிநாசினி ஊற்றிக் கழுவித் தோல் உரிந்தது. சுத்தமில்லாதவளுக்குத்தான் இப்படி வரும் என்று ஒரு பெரியம்மா என் முகத்துக்கு நேரே சொன்னா. நான் ஒரு நாளைக்கு மூன்று தரம் குளித்துக்கொண்டிருந்த காலம் அது.

பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். புளுக்கோனசோல் என்ற பங்கசுக் குளிசை தந்தார்கள். மூன்று நாளுக்கு ஒன்றாக 3 குளிசை, அதன் பிறகு கிழமைக்கு 1 வீதம் 6 மாதம். அந்த ஆறு மாதமும் நிம்மதி. நிறுத்திய இரண்டாம் மாதம் திரும்ப வந்தது. அடுத்த முறை போனபோது ஒரு மிஸ்ஸிதான், அங்கே வேலை செய்யும் தாதி, என் கிளினிக் கொப்பியைப் புரட்டிவிட்டு, "அக்கா, நீங்கள் சீனி பார்க்கேல்லையா?" என்று கேட்டா. பார்த்தால், வெறும் வயிற்றில் இரத்தச் சீனி 214. நீரிழிவு என்று சொல்ல 126 போதும். மூன்று மாதச் சீனிக் கணக்கு (HbA1c) 9.1. அதுவரைக்கும் ஒருவரும் பார்க்கவில்லை, எனக்கும் கேட்கத் தெரியவில்லை.

என் ஐயா பனை சீவினவர். முட்டியின் உள்ளே சுண்ணாம்பு தடவினால் கருப்பணி. தடவாமல் விட்டால் விடிய நுரை தள்ளிக் கள்ளாகிவிடும். இனிப்பு இருந்தால் மதுவம் சும்மா இருக்காது என்பதை அந்த முட்டியில் நான் சின்ன வயதிலேயே பார்த்திருக்கிறேன். அது வேறு சாதி, என் உடம்பில் இருப்பது வேறு சாதி. ஆனால் இரண்டுக்கும் இனிப்புத்தான் தீனி. இரத்தத்தில் சீனி கூடினால் சிறுநீரிலும் அந்த இடத்துக் கசிவிலும் கூடும். உடம்பின் எதிர்ப்பும் குறையும். மிஸ்ஸி இதைச் சொன்னபோது எனக்கு ஐயாவின் முட்டிதான் கண்ணுக்குள் வந்தது.

அதனால்தான் சோற்றைக் குறைத்தேன். 100 கிராம் சோற்றில் ஏறக்குறைய 28 கிராம் மாச்சத்து. நாங்கள் வன்னியில் 100 கிராமா போட்டுச் சாப்பிடுகிறோம்? பாண், பிட்டு, இடியப்பம், சீனி போட்ட பால்தேத்தண்ணி எல்லாம் விட்டேன். இப்போது காலையில் முட்டையும் வல்லாரைச் சம்பலும், மத்தியானம் குளத்து மீனோடு இரண்டு மரக்கறி, சோறு இரண்டு கரண்டி அல்லது ஒன்றுமில்லை. எட்டு மாதத்தில் 9.1 என்பது 6.6 ஆனது. கடைசி ஐந்து மாதமாகக் கடி இல்லை. இதற்காகத்தான் நான் மகாராணியா?

சிலர் கருத்துப் பெட்டியில் எழுதியிருக்கிறீர்கள், "குத்தரிசி நல்லதுதானே, குரக்கன் நல்லதுதானே" என்று. நல்லதுதான். மெதுவாகச் சீனி ஏற்றும், நார் இருக்கிறது. ஆனால் 100 கிராம் குரக்கன் மாவிலும் 70 கிராமுக்குக் கிட்ட மாச்சத்துத்தான். எனக்கு அளவுதான் பிரச்சினை.

"நீரிழிவு இல்லாதவர்களுக்குச் சாப்பாட்டைக் குறைத்துப் பங்கசு மாறும் என்று நிரூபிக்கவில்லை" என்று படித்த ஒருவர் எழுதியிருந்தார். அது சரி, ஒத்துக்கொள்கிறேன். நீரிழிவு இருக்கிற என் கதையைத்தான் நான் சொல்கிறேன். மருந்தும் எடுத்தேன், அதையும் மறைக்கவில்லை. மருந்தை மட்டும் நம்பியபோது, நிறுத்தின பிறகு திரும்ப வந்தது, சீனி இறங்கின பிறகு வரவில்லை. என் உடம்பில் நான் கண்டது அவ்வளவுதான்.

"காசுக்காரச் சாப்பாடு" என்றும் ஒருவர். மீன் விலை எனக்கும் தெரியும். முருங்கை வேலியில் நிற்கிறது.

ஒன்றை மட்டும் கட்டாயம் சொல்ல வேண்டும். நீரிழிவுக்குக் கிளிக்கிளசைட் மாதிரிக் குளிசை போடுகிறவர்களும் இன்சுலின் ஊசி போடுகிறவர்களும் டொக்டரிடம் கேட்காமல் சோற்றை நிறுத்தாதீர்கள், சீனி அளவுக்கு மீறி இறங்கிவிடும். நான் அப்படிச் செய்தேன். வயல் வரம்பில் நடந்துபோகும்போது கை நடுங்கி, குளிர்ந்த வியர்வை கொட்டி, கண் இருட்டி அப்படியே நிலத்தில் குந்திவிட்டேன். மாடு பார்த்துக்கொண்டு நின்ற பெடியன் தன் சேட்டுப் பையிலிருந்து ஒரு பனங்கட்டித் துண்டை எடுத்து என் வாயில் வைத்தான். அடுத்த கிளினிக்கில் மருந்தின் அளவைக் குறைத்தார்கள்.

இனி அந்த ஒரு கருத்துக்கு வருகிறேன். "2009இல கஞ்சிக்கு வரிசையில நிண்டதை மறந்திட்டா போல." இதற்கு நாற்பது பேர் விருப்பம் போட்டிருக்கிறீர்கள்.

நான் மறக்கவில்லை. போரின் கடைசி மாதங்களில் பொக்கணையில் வயிற்றில் பிள்ளையோடு வரிசையில் நின்றவள் நான். ஒரு பேணிக் கஞ்சி. சில நாள் உப்பு இருக்கும், சில நாள் இருக்காது. எனக்கு முன்னால் நின்ற அக்கா தன் பேணியிலிருந்து பாதியை என் பேணியில் ஊற்றினா. அவ முள்ளிவாய்க்காலைத் தாண்டி வரவில்லை. முள்ளிவாய்க்கால் நினைவு நாளான ஒவ்வொரு மே 18 அன்றும் சிரட்டையில் தருகிற கஞ்சியை வாங்கிக் கடைசிச் சொட்டுவரை குடிக்கிறேன். அன்றைக்குச் சீனி எவ்வளவு ஏறும் என்று நான் பார்ப்பதில்லை. சோற்றின் அருமையை எனக்குச் சொல்லித்தர உங்களுக்கு என்ன உரிமை? அந்தக் கஞ்சியை எடுத்து என் இலையில் ஊற்றிச் சிரிக்க உங்களுக்கு எப்படி மனம் வந்தது?

இந்த வருத்தத்தை இப்படிப் பகிரங்கமாக எழுதுவேன் என்று நான் நினைத்ததே இல்லை. என் மகனும் இதைப் படிப்பான். படிக்கட்டும். அந்தப் படம் வந்த பிறகு மூன்று பெண்கள் உள்பெட்டியில் எழுதியிருக்கிறார்கள். ஒரு பிள்ளைக்கு இருபத்திரண்டு வயது. "அக்கா, எனக்கும் அப்பிடித்தான், அம்மாவுக்குச் சொல்லேல்லை, கிறீம் பூசுறன்" என்று எழுதியிருந்தாள்.

தம்பி, படத்தை எடுத்துவிடும். மன்னிப்பு எல்லாம் வேண்டாம்.

பிள்ளை, நீ அந்தக் கிறீமை இன்றைக்கே நிறுத்து. செவ்வாய்க்கிழமை காலை ஏழரைக்கு நான் கிளினிக் வாசலில், வேப்பமரத்துக்குக் கீழே நிற்பேன். ஒன்றும் சாப்பிடாமல் வா, சீனியும் பார்ப்போம்.