வீசம் அங்குலச் சண்டை

கூண்டைத் தூக்கிப் படகில் வைத்தாயிற்று. உள்ளே ஒரு பெண் சிங்கி இறால், வயிற்றடியில் கருகருவென்று முட்டைகள். சட்டப்படி அதைக் கடலில் விட வேண்டும். விடுவதற்கு முன்னால் மீனவர் அதன் வால் மடலில் 'வி' போலச் சின்னதாக ஒரு வெட்டு போடுகிறார். அடுத்த வருடம் முட்டையே இல்லாமல் வேறொருவர் கூண்டில் அது மாட்டினாலும், வெட்டைப் பார்த்தால் அவரும் விட்டுவிட வேண்டும். 'இவள் தாய், தொடாதே' என்று முன்பின் பார்க்காத ஒருவர் எழுதி அனுப்பிய சீட்டு மாதிரி.

அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்தில் இது பல தலைமுறைப் பழக்கம். அங்கே உடற்கூட்டின் நீளம், அதாவது கண்குழியிலிருந்து வால் தொடங்கும் இடம் வரை, மூன்றேகால் அங்குலத்துக்குக் குறைந்தாலும் எடுக்கக் கூடாது, 5 அங்குலத்தைத் தாண்டினாலும் எடுக்கக் கூடாது. பெரிய தாய் இடும் முட்டை சின்னதுடையதைப் போலப் பல மடங்கு, அதனால்தான் மேல்வரம்பு. பெரியது கிடைத்தால் காசு என்று நினைக்கிற தொழிலில், பெரியதைத் திருப்பி விடு என்று ஒரு விதி நிற்பதே ஆச்சரியம்தான்.

எப்படி நிற்கிறது? ஒவ்வொரு படகிலும் அதிகாரியை உட்கார வைக்க முடியாது. வெட்டுப் போட்ட இறாலைக் கரைக்குக் கொண்டுவந்தவன் யார் என்று துறைமுகம் முழுக்கத் தெரிந்துவிடும், அதுதான் காவல். அந்தந்த ஊருக்கு அந்தந்தக் கடல் என்று எழுதாத எல்லைகளும் உண்டு. வெளியாள் கூண்டு போட்டால் முதலில் அவர் மிதவையில் கயிற்றை முடிச்சுப் போட்டு எச்சரிப்பார்கள். அப்புறமும் கேட்காவிட்டால் கயிறே அறுந்திருக்கும். இதை நான் ரசிக்கவில்லை. ஊர்க் கட்டுப்பாடு என்றதும் நாம் உருகுகிறோமே, அதன் மறுபக்கம் இந்தக் கத்தி.

1995-இல் மாநிலம் ஒரு நல்ல காரியம் செய்தது. கடற்கரையை 7 மண்டலங்களாகப் பிரித்து, மீனவர்களே தேர்ந்தெடுக்கும் மன்றங்களை வைத்தது. ஒருவர் எத்தனை கூண்டு போடலாம், ஒரு கயிற்றில் எத்தனை, எந்த நேரத்தில் பிடிக்கலாம் என்பதை அந்த மண்டலத்து மீனவர்கள் மூன்றில் இரண்டு பங்கு வாக்கால் மாற்றலாம். மாநில உச்சவரம்பு 800 கூண்டு. அதற்கும் கீழே இறங்கி 600 போதும் என்று முடிவெடுத்த மண்டலமும் இருக்கிறது.

2016-இல் பிடிப்பு 13 கோடி பவுண்டைத் தாண்டியது, கிட்டத்தட்ட 60,000 டன். உடனே 'பார்த்தீர்களா, உள்ளூர் நிர்வாகம்!' என்று கொடி பிடித்துவிடக் கூடாது. இறால் குஞ்சைத் தின்னும் காட் மீன் குறைந்துபோனது, கடல் சூடேறியது, இரண்டும் அந்த ஏற்றத்துக்குக் கைகொடுத்தன. அதே சூடு மேய்னுக்குத் தெற்கே, நியூ இங்கிலாந்து வட்டாரத்தின் தென்பகுதி இறாலைச் சரித்தும் விட்டது. இப்போது மேய்னிலும் பிடிப்பு இறங்குமுகம்.

இங்கேதான் தலைப்பில் சொன்ன சண்டை. அட்லாண்டிக் மாநிலங்களின் மீன்வள ஆணையம் 2023-இல் ஒரு முடிவெடுத்தது: இளம் இறால் எண்ணிக்கை 35 சதவீதம் சரிந்தால் குறைந்தபட்ச அளவை அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு கூட்டுவது. நம் பழைய கணக்கில் ஒரு வீசம். ஒன்றரை மில்லிமீட்டர் சொச்சம். அந்த வருடமே சரிவு கோட்டைத் தாண்டியது. அமல்படுத்தும் தேதியைத் தள்ளித் தள்ளிப் போட்டார்கள். 2025 தொடக்கத்தில் மீனவர்கள் கொதித்தெழ, விதி வாபஸ்.

மீனவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அமெரிக்காவும் கனடாவும் தனதென்று சொல்கிற ஒரு கடற்பரப்பில் இரண்டு நாட்டுப் படகும் அருகருகே ஓடுகின்றன. 5 அங்குலத்தைத் தாண்டியது என்று இவர் திருப்பி விட்டதைக் கனடாக்காரர் எடுத்து வைத்துக்கொள்ளலாம். இதைக் கண்ணால் பார்ப்பவரிடம் போய் 'நாளைக்காக இன்னும் கொஞ்சம் விட்டுக்கொடு' என்றால் என்ன பதில் வரும்?

ஆனாலும் எனக்கு இதில் ஒரு உறுத்தல். எண்ணிக்கை ஏறும்போது 'எங்கள் கட்டுப்பாட்டால்தான்' என்பதும், இறங்கும்போது 'விஞ்ஞானிகள் எண்ணியது தப்பு' என்பதும் சரியா? ஒரு சிங்கி இறால் பிடிக்கும் அளவுக்கு வளர ஏழெட்டு வருடம் ஆகிறது. இன்று குஞ்சு குறைந்திருப்பது கூண்டில் தெரிய அத்தனை காலம் பிடிக்கும். மீனவரின் அனுபவம் எவ்வளவு பெரிதானாலும், இன்னும் கூண்டுக்குள் வராத இறாலை அது பார்த்ததில்லை.

அளவுகோலை மாற்றப் பிடிக்கவில்லையா, சரி, விடுங்கள். கூண்டைக் குறைக்கலாமே. இரைக்கும் டீசலுக்கும் ஆகிற செலவும் மிச்சம். அதற்கு எந்த ஆணையமும் வந்து உத்தரவு போட வேண்டியதில்லை, வாக்குச்சீட்டு 30 வருடமாக அவர்கள் கையில்தான் இருக்கிறது.