புகைபோக்கியை வெட்டாதீர்கள்

கத்திவாக்கத்திலிருந்து ஒரு தம்பி நேற்றிரவு செய்தி அனுப்பியிருந்தார். "அண்ணா, வனவிலங்குப் புகைப்படக்காரர் ஆக ஆசை. எந்த லென்ஸ் வாங்கலாம்? முதலில் முதுமலைக்குப் போவதா, கபினிக்குப் போவதா?" இரண்டு வரியில் பதில் எழுத உட்கார்ந்தேன். முடியவில்லை. பதினாறு வருடமாக நெஞ்சில் கிடப்பதெல்லாம் வந்து நிற்கிறது.

தம்பி, உங்கள் வீட்டிலிருந்து சைக்கிள் மிதித்தால் கொஞ்ச நேரத்தில் எண்ணூர் முகத்துவாரம். கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் இடம். மழை ஓய்ந்த மார்கழியில் தண்ணீர் வற்றும் நேரம் பார்த்துப் போனால் கூழைக்கடா, பவளக்கால் உள்ளான், நத்தைக்குத்தி நாரை, ஆலா என்று இந்தப் பறவைகளையெல்லாம் பார்க்கலாம். நீங்கள் கேட்ட அந்தக் காடுகளில் ஒரு புலிக்காக ஜீப்பில் நெருக்கியடித்து உட்கார்ந்து வருவதற்கு ஆகும் பணத்தில் இங்கே ஒரு வருடம் முழுக்கப் படம் எடுக்கலாம்.

பிழைப்பைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பறவைகள் எனக்குச் சோறு போட்டதில்லை. கல்யாண வீடுகள்தான் போடுகின்றன. தண்டையார்ப்பேட்டை, ராயபுரம், திருவொற்றியூர் என்று முகூர்த்த நாளெல்லாம் ஏதாவது ஒரு மண்டபத்தில் நிற்பேன். மார்கழியில் முகூர்த்தம் கிடையாது. வலசைப் பறவைகள் வந்து நிறைந்திருப்பதும் அந்த மாதம்தான். இந்தப் பொருத்தம் மட்டும் இல்லையென்றால் நான் எப்போதோ விட்டிருப்பேன். என்னுடைய லென்ஸ் இன்னொருவர் பயன்படுத்திவிட்டு விற்றது. உப்புக்காற்றில் பூஞ்சை பிடித்து இரண்டு முறை பிரித்துத் துடைக்கக் கொடுத்தேன். இதையெல்லாம் மறைத்துவிட்டு இளைஞர்களிடம் ஆசையை மட்டும் வளர்ப்பவர்கள் மீது எனக்குக் கோபம் உண்டு.

இதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. எண்ணூரில் கேமராவை எந்தப் பக்கம் திருப்பினாலும் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கி படத்துக்குள் வந்துவிடும். முதல் ஐந்தாறு வருடம் அதைத் தவிர்க்கவே பாடுபட்டேன். சேற்றில் படுத்து, பறவைக்குப் பின்னால் வானம் மட்டும் தெரியும்படி எடுப்பேன். தப்பித் தவறித் தெரிந்துவிட்டால் கணினியில் வெட்டுவேன். கரையில் படிந்த சாம்பலின் நிறத்தைக்கூட மாற்றியிருக்கிறேன். அப்படிச் செய்த கூழைக்கடா படம் ஒன்றுக்குப் பரிசு கிடைத்தது. மேடையிலிருந்து இறங்கியதும் ஒரு பெரியவர் கையைப் பிடித்துக்கொண்டு, "எவ்வளவு சுத்தமான இடம்! எந்த ஊர்ச் சரணாலயம்?" என்று கேட்டார். எனக்கு வாய் வரவில்லை. அனல்மின் நிலையத்தின் சாம்பல் குழாய் கசிந்து ஆறு தூர்ந்துபோகிறது என்று எங்கள் ஊர் மீனவர்கள் வருடக்கணக்கில் மனு கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். அதே ஆற்றைப் பளிங்குபோலக் காட்டி நான் பரிசு வாங்கியிருக்கிறேன். அவர்களுக்கு எதிராகக் கூண்டில் ஏறிச் சாட்சி சொன்னதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

அன்றிலிருந்து வெட்டுவதில்லை.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்தது. படகுகளும் வலைகளும் கறுத்தன. மீனவர்கள் வாளியாலும் குவளையாலும் எண்ணெயை மொண்டு பீப்பாயில் ஊற்றினார்கள். ஒரு கூழைக்கடா, மார்பிலிருந்து வால்வரை கறுத்துப்போய், படகு விளிம்பில் உட்கார்ந்து இறகைக் கோதிக்கொண்டே இருந்தது. கோதக் கோத எண்ணெய் வயிற்றுக்குள்தான் போகும். அதற்கு அது எப்படித் தெரியும்? நான் எடுத்த படத்தில் பறவையும் இருக்கிறது, குவளையோடு குனிந்திருக்கும் மனிதரும் இருக்கிறார், பின்னால் புகைபோக்கியும் இருக்கிறது. பறவையை மட்டும் வெட்டித் தரும்படி ஓர் இதழில் கேட்டார்கள். கொடுக்கவில்லை.

மா. கிருஷ்ணனைத் தேடிப் படியுங்கள், தம்பி. மயிலாப்பூரில் வாழ்ந்தவர், நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன். காட்டு யானைகளைக் கறுப்பு வெள்ளையில் அவர் எடுத்த படங்களுக்கு முன்னால் இன்றைய வண்ணமெல்லாம் வெளிறிப்போகும். தமக்கு வேண்டிய கேமராவைப் பல பாகங்களை ஒட்டித் தாமே உருவாக்கிக்கொண்டார். 1970இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். 1950 முதல் 1996இல் இறக்கும் வரை ஸ்டேட்ஸ்மன் நாளிதழில் இயற்கையைப் பற்றித் தொடர்ந்து எழுதினார். யானைக்கும் காட்டெருமைக்கும் கொடுத்த அதே கவனத்தை வீட்டுப் பக்கம் திரியும் காக்கைக்கும் கொடுத்தார். நாற்பத்தாறு வருடம்! அந்தப் பொறுமைதான் இந்தத் தொழிலின் முதல் கருவி என்று நான் நம்புகிறேன்.

பழவேற்காடு ஏரியில் நடக்கும் ஒன்றையும் சொல்ல வேண்டும். பூநாரைகள் தலையைக் கவிழ்த்து, அலகால் தண்ணீரை வடிகட்டித் தின்றுகொண்டிருக்கும். கூட்டமாகப் பறக்கும்போது சிறகின் சிவப்பு தெரியும் என்பதற்காகப் படகை நேராக அவற்றின் மீது விடச் சொல்லும் புகைப்படக்காரர்களைப் பார்த்திருக்கிறேன். வெகுதூரம் பறந்து வந்த பறவையின் வாயிலிருந்து சோற்றைப் பிடுங்கும் வேலை இது. அந்தப் படங்களுக்குச் சமூக வலைத்தளங்களில் ஆயிரக்கணக்கில் விருப்பம் விழுகிறது. விருப்பம் போடுவதற்கு முன்னால், அவை ஏன் பறந்தன என்று கேளுங்கள்.

2025 ஜனவரியில் சென்னைக் கரையில் பங்குனி ஆமைகள் நூற்றுக்கணக்கில் செத்து ஒதுங்கின. ஆமை நுரையீரலால் சுவாசிப்பது. விசைப்படகுகள் இழுத்துச் செல்லும் இழுவலையில் மாட்டிக்கொண்டால் மேலே வர முடியாமல் மூச்சடைத்துப்போகிறது. நான் திருவொற்றியூர்க் கரையில் அவற்றைப் படம் எடுத்தேன். என் சித்தப்பா மகன் காசிமேட்டிலிருந்து விசைப்படகில் போகிறவன். "எங்களையே காட்டிக்கொடுக்கிறாயா?" என்று கேட்டான். இரண்டு மாதம் பேசவில்லை. அந்தப் படங்களையும் நான் வெட்டவில்லை, மறைக்கவில்லை. புகைபோக்கிக்கு ஒரு நியாயம், சொந்தக்காரனுக்கு ஒரு நியாயம் என்று வைத்துக்கொள்ள என்னால் முடியாது.

லென்ஸ் இப்போதைக்கு வாங்க வேண்டாம், தம்பி. வருகிற ஞாயிறு காலை ஐந்தரை மணிக்கு எண்ணூர் ரயில் நிலையத்துக்கு வாருங்கள். பழைய கேமரா ஒன்று என்னிடம் சும்மா கிடக்கிறது, கொண்டுவருகிறேன். சேற்றில் இறங்க வேண்டியிருக்கும். பழைய செருப்பு போட்டு வாருங்கள்.