ராணுவக்காரர் மகள் பேசுகிற பேச்சுதான் இது

ஞாயிறு மாலை பெங்களூரு அல்சூர் கூட்டத்தில் நடந்தது உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். “நாட்டுக்காகச் சண்டை போட்ட சிப்பாயைக் கூண்டில் ஏற்றக் கூடாது, எந்த நாட்டுக்காரனாக இருந்தாலும் சரி” என்றார் அந்தப் பெரியவர். மிருசுவிலுக்கும் அப்படித்தானா ஐயா என்று கேட்டேன். “ராணுவக்காரர் மகள் பேசுகிற பேச்சா இது?” என்றார். கைதட்டினார்கள்.

யாழ்ப்பாணத்து மிருசுவிலில் யாரும் யாரோடும் சண்டை போடவில்லை. 2000 டிசம்பரில், இடம்பெயர்ந்திருந்த தமிழர்கள் தாங்கள் விட்டுவந்த வீடுகளைப் பார்க்கப் போனார்கள். இலங்கை ராணுவச் சிப்பாய்கள் பிடித்தார்கள். எட்டுப் பேரின் கழுத்தை அறுத்துப் புதைத்தார்கள். ஒருவனுக்கு வயது ஐந்து. தப்பிவந்த ஒருவர் சொல்லித்தான் வெளியே தெரிந்தது. 2015-ல் கொழும்பு உயர் நீதிமன்றம் சிப்பாய்களில் ஒருவருக்கு மட்டும் மரண தண்டனை விதித்தது. 2019-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. 2020 மார்ச்சில், ஊரெல்லாம் கொரோனாவில் முடங்கிக் கிடந்த நேரத்தில், அதிபர் கோத்தபய ராஜபக்ச அவரை மன்னித்து அனுப்பினார். தூக்கில் போடு என்று நான் கேட்கவில்லை, எனக்கு அதில் உடன்பாடே இல்லை. ஆனால் விடுதலையா?

பிடித்து வைத்தவரைக் கொல்வது போர் அல்ல, கொலை.

“புலிகள் செய்யவில்லையா?” என்பீர்கள். செய்தார்கள். 1990-ல் கிழக்கில் சரணடைந்த போலீஸ்காரர்களைக் கொன்றார்கள். அதுவும் கொலைதான். அதைச் சொல்ல எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை.

“களத்தில் நின்றால் தெரியும்” என்பவர்களுக்கு மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. அப்பா மதராஸ் சாப்பர்ஸ், இந்திய ராணுவத்தின் பொறியியல் படைப்பிரிவு. 1971 பாகிஸ்தான் போரில் ஏறத்தாழ 93,000 பேர் நம் கையில் சிக்கினார்கள். வடக்கே ஒரு முகாமில் சில மாதங்கள் அப்பாவுக்குக் காவல் வேலை. தினமும் மாலையில் கைதிகளை எண்ண வேண்டும். ஒரு தலை குறைந்தாலும் இரவு முழுக்க மறுபடி மறுபடி எண்ணுவார்களாம். “நேற்றுவரை நம்மைச் சுட்டவர்கள்தானே, கோபம் வரவில்லையா?” என்று சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். “எண்ணி வாங்கியதை எண்ணித்தானே திருப்பிக் கொடுக்க வேண்டும்” என்றார். திருப்பிக் கொடுத்தார்கள். அந்த ராணுவத்தின் பெயரைச் சொல்லித்தான் ஞாயிற்றுக்கிழமை என் வாயை அடைத்தீர்கள்.

பெரியவர் மீது எனக்குக் கோபம் ஆறிவிடும். கைதட்டியவர்களில் இரண்டு பேர் அப்பாவின் பாடையைத் தூக்கியவர்கள். அதுதான் ஆறவில்லை.

முகாமில் வந்த பழக்கம் அவரைக் கடைசிவரை விடவில்லை. விளக்கை அணைக்கும் முன் பாயில் படுத்திருக்கும் எங்கள் நான்கு பேர் தலையையும் விரலால் தொட்டு எண்ணிவிட்டுத்தான் படுப்பார்.